ஒரு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது. ஊக்குநர்கள் இதைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும்.)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தணிக்கை என்று இதுவரை பேசி முடித்துவிட்டோம். இன்று கடைசியாக ஒரு விஷயம். அதற்கு முன்பு உங்களிடம் ஒரு கேள்வி. கடைசியாக எப்போது ஓடினீர்கள்?

சிரிக்காதீங்க. யோசித்துச் சொல்லுங்கள். "பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்" என்று அந்தப் பக்கம் ஒரு அக்கா சொல்கிறார். "மாடு அவுத்துக்கிட்டு ஓடுச்சு, பின்னாலேயே ஓடினேன்" என்கிறார் இன்னொருவர். பின்வரிசையில் ஒரு அம்மா மெதுவாகச் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்திருக்காது. "எட்டாவது படிக்கையில ஓட்டப்பந்தயத்துல ரெண்டாவது வந்தேன். ஒரு தட்டு கொடுத்தாங்க. அப்புறம் வயசுக்கு வந்துட்டேன். அதோட சரி."

அதோட சரி என்கிறார். நம்மில் நிறைய பேருக்கு அப்படித்தான். அதன் பிறகு நடந்திருக்கிறோம், சுமந்திருக்கிறோம், குனிந்து நாற்று நட்டிருக்கிறோம். நமக்காக ஓடியதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஓடப் பழகுவது எப்படி என்று சொல்லப் போகிறோம். நாங்கள் செய்த ஒரு தவறையும் மறைக்காமல் சொல்லப் போகிறோம்.

வேலைதான் செய்றோமே, அப்புறம் எதுக்கு?

இந்தக் கேள்வி எல்லா குழுவிலும் வருகிறது. நியாயமான கேள்வி. தினமும் காட்டு வேலை, சித்தாள் வேலை, சுமை தூக்கும் வேலை என்று போகிறவர்களுக்கு ஓட்டம் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனமும் உழைப்பை உடலியக்கமாகத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அவர்களுக்கு வேண்டியது நல்ல சாப்பாடும் ஓய்வும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆனால் நம்மில் எத்தனை பேர் இன்னும் அப்படி இருக்கிறோம்? ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது. தண்ணீர் தெருவுக்கு வந்தது, பல வீடுகளில் வாசலுக்கே வந்துவிட்டது. அறுப்புக்கு மிஷின் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட ஸ்கூட்டி வந்தது. இதெல்லாம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தையல் மிஷினில் 6 மணி நேரம், பெட்டிக்கடையில் 10 மணி நேரம் என்று உட்கார்ந்தே பார்க்கிற வேலை கூடிவிட்டது. சாப்பாடு மட்டும் மாறவில்லை. அதே சோறு, அதே அளவு.

விளைவு என்ன? 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடை கொண்டவர்கள். அதே ஆய்வில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. உடம்பு பெருத்திருக்கிறது, ரத்தம் குறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே பெண்ணிடம் சேர்ந்தே இருக்கலாம். "ஆளு நல்லா வாட்டசாட்டமா இருக்கா, அவளுக்கென்ன" என்று நாம் சொல்கிறவருக்கு உள்ளே ரத்தமே இல்லாமல் இருக்கலாம். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

நாங்கள் செய்த தவறு

போன வருடம் மகளிர் தின விழா உங்களுக்கு நினைவிருக்கும். மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன் எல்லாம் வைத்தோம். அந்த உற்சாகத்தில், ஒரு ஊரில் 20 பேருக்கு மேல் சேர்ந்து "நாளையிலிருந்து காலையில ஓடுவோம் மேடம்" என்றார்கள். எங்களுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் விடியற்காலை எல்லோரும் கண்மாய்க் கரையில் கூடினோம். "மடை வரைக்கும் ஓடிப் போயி தொட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டோம். போக ஒரு கிலோமீட்டர், வர ஒரு கிலோமீட்டர். சமூகப்பணி படித்த எங்களுக்கு ஓட்டம் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

முதல் நாள் பாதி பேர் வழியிலேயே நின்றார்கள். இரண்டாம் நாள் தொடை வலி, கெண்டைக்கால் வலி என்று பாதிக்கு மேல் வரவில்லை. மூன்றாம் நாள் 6 பேர் வந்தார்கள். அதில் ஒரு அக்கா, 41 வயது, குழுவின் பிரதிநிதி, எந்த வேலைக்கும் முதல் ஆளாக நிற்பவர். பாதித் தூரத்தில் "கண்ணைக் கட்டுது" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, உதடு வெளுத்துவிட்டது. ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.6 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அவருடைய வீட்டுக்காரர் நம் அலுவலகத்துக்கு வந்தார். "ஓட வச்சே எம் பொண்டாட்டிய கொன்னுருப்பீங்களே" என்றார். எங்களிடம் பதில் இல்லை. நின்று கேட்டுக்கொண்டோம். அவர் கேட்டது நியாயம்தான்.

பிறகு அந்த அக்காவிடம் உட்கார்ந்து பேசினோம். இரண்டு வருடமாக மாதவிடாய் 9 நாள், 10 நாள் என்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்கும். "வேலை அதிகம், அதான் அசதின்னு நினைச்சேன்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள், கட்டிக்கும் வைத்தியம் பார்த்தார்கள். "ஓடினதால வந்ததில்லை, ஏற்கெனவே இருந்தது ஓடும்போது தெரிஞ்சிருக்கு" என்று டாக்டர் அம்மா சொன்னார். ஆனாலும் பரிசோதனை செய்யாமல் ஓட விட்டது எங்கள் தவறு. அதை இந்தப் பொதுக்குழுவில் ஒத்துக்கொள்கிறோம்.

ஆகவே முதல் பாடம் இது: ஓடுவதற்கு முன்பு பரிசோதனை. அதற்குப் பிறகு அந்த ஊரில் ஓட வந்த எல்லோருக்கும் ரத்தம், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்க வைத்தோம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழேதான் இருந்தது.

யார் டாக்டரைக் கேட்காமல் ஓடக் கூடாது?

கவனமாகக் கேளுங்கள். வேகமாக நடந்தாலே நெஞ்சில் வலி அல்லது அழுத்தம் வருகிறவர்கள். இருதய நோய், வலிப்பு, மூச்சுத்திணறல் உள்ளவர்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள். ரத்தசோகை உள்ளவர்கள். கர்ப்பிணிகள். பிரசவமாகி 3 மாதம் ஆகாதவர்கள், சிசேரியன் என்றால் இன்னும் கவனம். கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள். முழங்கால் வீங்கியிருப்பவர்கள். சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள். இவர்கள் எல்லோரும் ஓடவே கூடாது என்று சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும்.

இதற்குச் செலவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறவர்கள் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்து போன பெண்கள்தான். அவர்களைக் கண்டால் கதவைச் சாத்தாதீங்க.

ரத்தசோகை என்று தெரிந்தால் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். மாத்திரை போட்டதும் டீ குடிக்காதீங்க, சத்து உடம்பில் சேராமல் டீ தடுத்துவிடும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்த வேண்டாம், அது மாத்திரையினால்தான்.

சேமிப்பு மாதிரிதான் ஓட்டமும்

நம்ம குழு எப்படி ஆரம்பித்தது? வாரம் 10 ரூபாய், 20 ரூபாய். முதல் வாரமே ஆயிரம் ரூபாய் கொண்டு வாங்க என்று சொல்லியிருந்தால் இந்த மண்டபத்தில் ஒருவரும் இருந்திருக்க மாட்டோம். கண்மாய்க் கரையில் நாங்கள் அந்த அக்காமார்களிடம் கேட்டது அந்த ஆயிரம் ரூபாய்தான்.

அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர் 1996-ஆம் ஆண்டு ஒரு பயிற்சி முறையை வகுத்தார். 50 வயதைத் தாண்டிய தன் அம்மா ஓட்டம் பழக வேண்டும் என்பதற்காக யோசித்தது அது. கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, திரும்ப ஓட்டம். வாரம் 3 நாள் மட்டும். 9 வாரத்தில் ஓடவே தெரியாதவர் 5 கிலோமீட்டர் ஓடுகிற அளவுக்கு வந்துவிடுவார். இன்று பல நாடுகளில் லட்சக்கணக்கானவர்கள் இந்த முறையில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

நாம் 9 வாரத்தை 12 வாரமாக நீட்டிக்கொண்டோம். அவசரம் ஒன்றும் இல்லை. அதற்கு முன்பு 4 வாரம் நடை மட்டும். தினமும் அரை மணி நேரம், கை வீசி, வேகமாக. அரை மணி நேரம் நிற்காமல் நடக்க முடிகிறவர்கள்தான் அடுத்த கட்டத்துக்கு வர வேண்டும். இதை ஊக்குநர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்:

1, 2-ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. இப்படி 6 முறை.

3, 4-ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 5 முறை.

5, 6-ஆம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 4 முறை.

7, 8-ஆம் வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 3 முறை.

9, 10-ஆம் வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 2 முறை.

11, 12-ஆம் வாரம்: 10 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, மறுபடி 10 நிமிடம் ஓட்டம்.

எல்லா நாளும் முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் நடைதான். திங்கள், புதன், வெள்ளி என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள். இடையில் விடுகிற நாள் சோம்பேறித்தனம் இல்லை. ஓடும்போது களைத்த தசை அந்த ஓய்வு நாளில்தான் தேறி வலுவாகிறது. ஒரு வாரத்துப் பாடம் கஷ்டமாக இருந்தால் அதையே அடுத்த வாரமும் செய்யுங்கள். 12 வாரம் 20 வாரம் ஆனாலும் தப்பில்லை.

"நிமிஷம் பார்க்க எங்களுக்கு வாட்ச் இல்லையே மேடம்" என்று ஒரு ஊரில் கேட்டார்கள். அங்கே ஒரு பாட்டியம்மா வழி சொன்னார். "ரோட்டுல கரண்டு கம்பம் இருக்குல்ல? ஒரு கம்பம் ஓடு, ரெண்டு கம்பம் நட." இப்போது எல்லா ஊரிலும் அதையே சொல்லிக்கொடுக்கிறோம். முதல் வாரம் ஒரு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. பிறகு இரண்டு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. கம்பத்தை எண்ணிக்கொண்டே போகலாம், படிப்பும் வேண்டாம், செல்போனும் வேண்டாம்.

எவ்வளவு வேகம்? பக்கத்தில் ஓடுகிறவரிடம் பேச முடிகிற வேகம். "நேத்து என்ன குழம்பு வச்சே?" என்று முழுசாகக் கேட்க முடிந்தால் சரியான வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆரம்பத்தில் நம் ஓட்டம் மற்றவர் நடையை விடக் கொஞ்சம்தான் வேகமாக இருக்கும். இருக்கட்டும். எட்டு நீட்டி வைக்காமல் சின்னச் சின்ன எட்டாக வைத்து ஓடுங்கள். தரையைப் பார்த்துக் குனியாமல் தூரத்தில் பாருங்கள். முஷ்டியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.

நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவுகிற வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். உட்கார வைத்து 108-க்குப் போன் போடுங்கள். "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடக் கூடாது.

எதற்காக ஓட்டம், நடையே போதாதா? போதும். 150 நிமிட வேக நடை ஒரு வாரத்துக்குக் குறைந்தபட்சம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓட்டம் மாதிரி கடுமையான பயிற்சி என்றால் 75 நிமிடம் போதும். நேரம் கிடைக்காத நமக்கு இது பெரிய கணக்கு. வாரம் 3 நாள், நாளுக்கு 25 நிமிடம் ஓடினால் முடிந்தது. இருதயத்துக்கு நல்லது, சர்க்கரை கட்டுப்படும், ரத்த அழுத்தம் குறையும், தூக்கம் வரும். எடை மட்டும் மெதுவாகத்தான் குறையும். ஓடிவிட்டு வந்து 4 வடை சாப்பிட்டால் அதுவும் குறையாது. ஓட முடியாதவர்கள் நடையிலேயே நிற்கலாம், அதில் ஒரு குறைவும் இல்லை.

வெளியில் சொல்லாத விஷயங்கள்

இங்கே நாம் பெண்கள் மட்டும்தான் இருக்கிறோம். அதனால் வெளிப்படையாகவே பேசுகிறோம்.

ஓடும்போது, தும்மும்போது, இருமும்போது சிறுநீர் சொட்டுகிறது என்று தனியாக வந்து சொன்னவர்கள் பல பேர். இரண்டு, மூன்று பிள்ளை பெற்றவர்களுக்கு இது சகஜம். ஆனால் சகஜம் என்று விட்டுவிட வேண்டியதில்லை. இடுப்புக்கு அடியில் இருக்கிற தசை தளர்ந்துபோனதால் வருவது இது. அதற்குப் பயிற்சி இருக்கிறது. சிறுநீரை அடக்குவது போல அந்த இடத்தை இறுக்கி, 5 எண்ணும்வரை பிடித்து, விட்டுவிடுங்கள். அப்படி 10 முறை, ஒரு நாளைக்கு 3 வேளை. உட்கார்ந்தபடியே, பஸ்ஸில் போகும்போதே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. விடாமல் 3 மாதம் செய்தால்தான் பலன் தெரியும். அதற்கும் சரியாகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

"ஓடினா கர்ப்பப்பை இறங்கிடும்னு மாமியார் சொல்றாங்க" என்று ஒரு தங்கச்சி கேட்டது. இது நம்ம ஊரில் மட்டும் சொல்வது இல்லை. அமெரிக்காவிலும் இதையேதான் சொன்னார்கள். 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சர் என்ற பெண் 261 என்ற எண்ணைக் கட்டிக்கொண்டு ஓடினார். பெண் ஓடுகிறார் என்று பார்த்த போட்டி அதிகாரி ஒருவர் நடுரோட்டில் பாய்ந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். அவர் நிற்காமல் ஓடி முடித்தார். அந்தப் போட்டியில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972-இல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வைத்ததே 1984-இல்தான். அதன் பிறகு எத்தனையோ லட்சம் பெண்கள் ஓடியிருக்கிறார்கள். நன்றாக இருக்கிற கர்ப்பப்பை ஓட்டத்தால் இறங்கிவிடாது. ஏற்கெனவே இறக்கம் இருப்பவர்கள்தான் டாக்டரைக் கேட்க வேண்டும். மாதவிடாய் நாளில் ஓடலாமா? உடம்பு ஒத்துக்கொண்டால் தாராளமாக ஓடலாம், வேண்டாம் என்று தோன்றினால் ஓய்வெடுங்கள்.

அப்புறம் துணி. சேலை கட்டிக்கொண்டு ஓட முடியுமா? மகாராஷ்டிராவில் பாராமதி என்ற ஊரில் லதா பகவான் கரே என்ற கூலித் தொழிலாளி, 60 வயதைத் தாண்டியவர், கணவரின் வைத்தியச் செலவுக்காக ஓட்டப்பந்தயத்தில் கலந்துகொண்டார். சேலையோடு, வெறுங்காலோடு ஓடி 3 கிலோமீட்டர் பந்தயத்தில் ஜெயித்தார். அவர் கதை 2020-இல் மராத்தியில் படமாக வந்தது, அவரே நடித்தார். அவர் மாதிரி வெறுங்காலில் ஓடாதீங்க. நம்ம ரோட்டில் முள்ளும் பாட்டில் கண்ணாடியும் கிடக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு ஓடவே கூடாது. சேலை ஒரு தடையில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகினால் தடுக்காது. சுடிதார் வசதி. உள்ளே போடும் பாடி தளர்வாக இல்லாமல் இறுக்கிப் பிடிப்பதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மார்பு வலிக்கும்.

ஷூ அவசியம். ரப்பர் செருப்பில் ஓடினால் கால் பிசகும். ஒரு குழுவில் ஷூ வாங்க உள்கடன் கேட்டதற்குப் பெரிய சண்டை வந்தது. "ஆட்டுக்குக் கடன் கொடுக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாம், ஷூவுக்கா?" என்றார்கள். ஒரு அம்மா கேட்டார்: "ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கிறதுக்குத்தானே ஷூ கேக்குறா?" தீர்மானம் நிறைவேறியது. 5 மாதத் தவணை. ஒரு தவணைகூட நிலுவை இல்லை.

ஊர் என்ன சொல்லும்?

ஊர் சொல்லத்தான் செய்தது. "யாரு துரத்துறா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். பைக்கில் போன பையன்கள் ஹாரன் அடித்தார்கள். வீட்டில், "இந்த வயசுல இது தேவையா? விடிஞ்சா டீ யார் போடுறது?" என்றார்கள்.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். வீட்டில் கழிப்பறை இல்லாத காலத்தில் விடியுமுன்னே இருட்டில் கூட்டம் கூட்டமாக ஒடைக்கும் கருவேலங்காட்டுக்கும் போனோம். எந்த ஆணும் "இந்த நேரத்துல எங்க போற?" என்று கேட்கவில்லை. அது அவசியம் என்று எல்லோருக்கும் தெரியும். இன்று உடம்பைக் காப்பாற்ற அதே நேரத்தில் அதே ரோட்டில் போனால் ஏன் கேள்வி வருகிறது? இதுவும் அவசியம் என்று நாமே இன்னும் முழுசாக நம்பவில்லை, அதனால்தான். நாம் நம்பினால் ஊரும் மெதுவாக நம்பும்.

தனியாகப் போனால் பேச்சு வரும், பயமும் வரும். குறைந்தது 4 பேராகப் போங்கள். நன்றாக விடிந்த பிறகு போங்கள். கண்மாய்க் கரையில் பாம்பு இருக்கும், கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் டார்ச் கட்டாயம். நாய்க்கு ஒரு குச்சி. மெயின் ரோட்டில் போனால் எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓடுங்கள். பள்ளி மைதானம் கிடைத்தால் தலைமை ஆசிரியரிடம் குழுவின் பெயரில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.

காலை டீ விஷயம் பெரிய விஷயம்தான். சிரித்துவிட்டுப் போக முடியாது. வாரத்தில் 3 நாள் 40 நிமிடம் வீட்டு வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதுதான் ஓடுவதை விடக் கஷ்டம் என்று பலர் சொன்னார்கள். ஒரு வீட்டில் மாமியார், "நீ போயிட்டு வா, பாலை நான் காச்சுறேன்" என்று சொன்னார். இன்னொரு வீட்டில் பத்தாவது படிக்கிற பையன் டீ போடக் கற்றுக்கொண்டான். சில வீடுகளில் இன்னும் நடக்கவில்லை. அந்த அக்காமார்கள் சாயங்காலம் நடக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு ஊரில் வராதவர்களுக்கு 10 ரூபாய் அபராதம் என்று தீர்மானம் போட்டார்கள். கூட்டத்துக்கு வராவிட்டால் போடுகிறோமே, அது மாதிரி. இரண்டே வாரத்தில் ஆள் குறைந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வராதவரும் அபராதத்துக்குப் பயந்து ஒரேயடியாக நின்றுவிட்டார். உடம்பு விஷயத்தில் அபராதம் வேண்டாம். வராதவர் வீட்டுக்கு ஒரு எட்டுப் போய், "என்னக்கா, ஏன் வரலை?" என்று கேளுங்கள். அது போதும்.

அந்த அக்கா இன்று

உட்கார்ந்துவிட்ட அந்த அக்கா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 5 மாதம் வைத்தியம். ஹீமோகுளோபின் 11.8-க்கு வந்தது. டாக்டர் முதலில் நடக்கச் சொன்னார். நடந்தார். பிறகு "மெதுவா ஆரம்பிக்கலாம்" என்றார். அன்றைக்கு எங்களைக் கேள்வி கேட்ட அவருடைய வீட்டுக்காரர் முதல் நாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே வந்தார். நம்பிக்கையில் வந்தார் என்று சொல்ல மாட்டோம். பயத்தில்தான் வந்தார். ஒரு கம்பம் ஓடினார், இரண்டு கம்பம் நடந்தார். இப்போது 5 நிமிட ஓட்டம் வரை வந்திருக்கிறார். 5 கிலோமீட்டர் இன்னும் ஓடவில்லை. எப்போது ஓடுவார் என்று நாங்களும் கேட்கவில்லை. இன்று இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். யார் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. "எங்கதையச் சொல்லுங்க, நாலு பேரு ரத்தம் பார்ப்பாங்கல்ல" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே தோழிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று விஷயங்களைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஒன்று, அந்த மாதத்துக்குள் குழுவில் எல்லா உறுப்பினரும் ரத்தம், சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது. ஓட விருப்பமில்லாதவர்களும் இதைச் செய்ய வேண்டும். இரண்டு, விருப்பமும் டாக்டர் சம்மதமும் உள்ளவர்கள் 4 பேருக்குக் குறையாமல் சேர்ந்து 4 வார நடையை ஆரம்பிப்பது. மூன்று, ஷூவுக்கு உள்கடன் கேட்டால் மறுக்காமல் கொடுப்பது.

எட்டாவது படிக்கையில் தட்டு வாங்கிய அம்மாவிடம் ஒன்று கேட்கிறோம். அந்தத் தட்டு இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருக்கிறது என்று தலையாட்டுகிறார். அடுத்த மகளிர் தினத்துக்கு லெமன் ஸ்பூனோடு ஒரு கிலோமீட்டர் ஓட்டமும் நடையும் வைக்கப் போகிறோம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. முடிக்கிற எல்லோருக்கும் ஒரு தட்டு. அதற்கு இன்றிலிருந்தே தயாராகுங்கள்.